மீன் தொட்டிச் சோப்பு

முழுசாக ஒரு சோப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்றால் எந்த வீட்டுக்காரிக்குத்தான் சந்தேகம் வராது?

ஆவுடைத்தாய்க்கு வந்தது. அதுவும் கை கழுவ மட்டும் வைத்த சோப்பு. கழுவுகிறவளும் ஒரே ஒருத்தி, முருகம்மாள்.

ஆவுடைத்தாயின் புருஷன் சங்கரபாண்டியனுக்குச் சிவகாசிக்கு வெளியே கம்பி மத்தாப்புக் கம்பெனி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கம்பெனி, இந்தப் பக்கம் வீடு. கம்பிகளை மருந்தில் முக்குவது முருகம்மாள் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து, கூடத்தில் இருக்கும் மீன் தொட்டியின் உள்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போவாள்.

சாதா மீன் தொட்டி இல்லை, கடல் மீன் தொட்டி. தூத்துக்குடி உப்பு லாரியில் பீப்பாய் பீப்பாயாகக் கடல் தண்ணீர் வந்தது. மண்டபத்திலிருந்து பவளப்பாறையும் மஞ்சள் வரி மீன்களும் வந்தன. அறுபத்தொன்றாம் வருஷத்தில் குடிதண்ணீருக்கே வண்டிக்காரனை எதிர்பார்த்துக் கிடந்த ஊர் அது. அங்கே கடலையே கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டாரே மனுஷன்! அந்தப் பெருமை சங்கரபாண்டியனுக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

கண்ணாடியின் உள்பக்கம் பாசி பிடித்தது. பாறையில் இடிக்காமல் பின்பக்கம்வரை போய்வர ஒல்லிக் கை வேண்டும். கம்பெனியிலேயே ஒல்லியான கை முருகம்மாளுடையது. கூப்பிட்டார்கள்.

முதல் தடவை துடைத்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. சங்கரபாண்டியன் ராத்திரி சாப்பிடவில்லை. மீன் கொடுத்த மண்டபத்துத் தனுஷ்கோடிக்கு ஆள் போனது.

தனுஷ்கோடி வந்ததும் முருகம்மாளின் கையைத்தான் பார்த்தான். நகக்கண்ணில் மத்தாப்பு மருந்து மினுமினுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான் முதலாளி மீனைக் கொன்னது. கண்ணுக்குத் தெரியாத பொட்டு போதும், வயித்துக்குள்ள போனா உசுரைக் குடிச்சிரும்."

துடைக்கும் விதத்தையும் அவனே சொல்லிக் கொடுத்தான். காற்று ஊதுகிற மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். அதற்கு முன்னால் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்து, அந்தச் சோப்பும் போகும்வரை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சோப்பே படாத புதுத்துணியால் துடைக்க வேண்டும். வாரம் ஒரு தடவை போதும்.

மறுநாளே வீட்டுப் பின்கட்டில் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர், வாசனைச் சோப்பு, நகம் தேய்க்க ஒரு பிரஷ் எல்லாம் வந்துவிட்டன. அப்புறம் ஒரு மீன்கூடச் சாகவில்லை. வருகிற போகிற வியாபாரிகளிடமெல்லாம் சங்கரபாண்டியன் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

வாரம் ஒருநாள் வரவேண்டிய முருகம்மாள் தினமும் வர ஆரம்பித்தாள். கேட்டால், லேசாகப் பாசி தெரியுது என்பாள். கண்ணாடி துடைப்பது கொஞ்ச நேரம், கை கழுவுவதுதான் நெடுநேரம். சோப்பு மட்டும் கரைந்துகொண்டே போனது.

ஆவுடைத்தாய் புருஷனிடம் சொன்னாள். மீன் நல்லா இருக்குல்ல, சோப்புக்கா பஞ்சம் என்றார் அவர். இன்றைக்குச் சோப்பு, நாளைக்கு வெள்ளிச் செம்பு என்று இவள் விடவில்லை. கையும் களவுமாகப் பிடித்தால் கம்பெனியை விட்டே அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் ஆவுடைத்தாய் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். முருகம்மாள் கையைக் கழுவினாள். நகத்தை பிரஷால் தேய்த்தாள், விரல்களை முகர்ந்து பார்த்து மறுபடி கழுவினாள். பிறகு மருந்து முக்காத வெறும் கம்பியால் சோப்பை வில்லை வில்லையாக அறுத்து, முந்தியில் முடிந்துகொண்டு கொல்லைக் கதவுப் பக்கம் நடந்தாள்.

"ஏளா, நில்லு. முந்திய அவுரு."

முருகம்மாள் அவிழ்த்துக் காட்டினாள். ஆவுடைத்தாய் வில்லைகளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாளையிலருந்து இங்கனயும் வராத, கம்பெனிக்கும் வராத. அய்யாட்டச் சொல்லியாச்சு."

முருகம்மாள் அழவுமில்லை, காலில் விழவுமில்லை. கொல்லைக் கதவைத் திறந்தாள்.

வெளியே புங்கமர நிழலில் மத்தாப்புக் கம்பெனிப் பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கைப்பிள்ளை மடியில் கிடந்து பசியில் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் தூக்குச்சட்டியும், வீட்டிலிருந்து சுமந்துவந்த செம்புத் தண்ணீரும் இருந்தன. ஒருத்திகூடப் பிள்ளையைக் கையால் தொடவில்லை. மினுங்குகிற கைகளை எட்டப் பிடித்துக்கொண்டு, முருகம்மாள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கம்பெனியில குடிக்கத்தான் தண்ணி, கை கழுவ இல்ல. தண்ணி கொண்டாந்துட்டாக, சோப்புக்கு எங்க போவாக? கேட்டா இல்லன்னுருவீகளோன்னு எடுத்துட்டேன். தப்புதான்."

ஆவுடைத்தாய்க்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

"இம்புட்டு வருசமா முந்தியில தொடச்சிட்டுத்தான ஊட்டுனீக? இப்ப என்ன புதுசா?"

"ஆமா, அந்தக் கையாலதான் என் மூத்தவனுக்கும் ஊட்டுனேன். வாந்தியும் கழிச்சலுமாப் போயிட்டான். சாமி குத்தம்னாக, நானும் நம்பிட்டேன்."

அந்தப் பிள்ளைக்குக் கோடித்துணி வாங்க ஆவுடைத்தாய்தான் காசு கொடுத்தனுப்பினாள். அதைப் பெரிய தர்மமாக நினைத்தும் இருந்தாள். கையிலிருந்த சோப்பு வில்லைகளை எந்த முகத்தோடு நீட்டுவது என்று தெரியாமல் நின்றாள்.

முருகம்மாள் கோபமே இல்லாமல் சொன்னாள்:

"இந்த மீனுக போன வருசமே செத்திருந்தா, எம்பிள்ள இன்னைக்கு இருந்திருப்பான் மொதலாளியம்மா."