எதிர்வீட்டுக் கொடி

கம்ப்யூட்டர் டீச்சருக்கு எதைப் பார்த்தாலும் ஒன்றும் பூஜ்யமும்தான். பூட்டிக் கிடக்கும் எதிர்வீட்டுக் கொடியில் தினமும் யாரோ துணி காயப்போட, அதன் ஆறு கிளிப்பையும் பைனரி எண்ணாகப் படிப்பாள். துணி இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். முதல் கிளிப்பின் மதிப்பு முப்பத்திரண்டு, அடுத்தடுத்துப் பாதியாகிக் கடைசிக் கிளிப்புக்கு ஒன்று. ஐம்பத்தொன்று வந்த அன்று ஐம்பத்தொரு வயதுத் தையல்காரர் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தாறு வந்த அன்று அதே வயது போஸ்ட்மேன்.

இன்று முதல் கிளிப்பில் மட்டும் ஒரு சட்டை. முப்பத்திரண்டு. அவள் புருஷன் வயது.

“ஊரு துணிய எல்லாம் எண்ணி முடிச்சாச்சா? காபி ஆறுது,” என்றான் அவன்.

அவள் ஓடினாள். சட்டையைத் தொடப் பயந்து, தன் துப்பட்டாவைக் கடைசிக் கிளிப்பில் மாட்டிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பினாள்.

“என்னடி ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. முப்பத்திமூணா ஆக்கிட்டேன்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. தெருவுக்குத் தன் வயதாக அவள் சொன்னது இருபத்தெட்டு. உண்மையில் அவனைவிட ஒரு வயது மூத்தவள்.

மறுபடி ஓடினாள். எவ்வளவு இழுத்தும் கிளிப் துப்பட்டாவை விடவில்லை.