வெட்டாத ராணி

"மாமி, இது கள்ள விளையாட்டு. ரெண்டு பேரையும் பூட்டுங்க!"

றம்சீன் கத்திய கத்தலில் நெட் கஃபேயில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடை அவனுடைய வாப்பாவுடையது. மாமி பஸ்லியாவுக்கு அங்கே இரண்டு வேலை. ஒன்று கடையைப் பார்ப்பது. மற்றது சம்பளமில்லாதது. வெளிநாட்டில் இருக்கும் தமிழர் சிலர் பிள்ளைகளுக்காக இணையத்தில் ஒரு செஸ் அறை நடத்துகிறார்கள். அதற்குக் காவல் அவள்தான்.

செஸ்ஸுக்கு என்ன காவல் என்று கேட்பவர்கள் பிள்ளை வளர்த்திருக்கமாட்டார்கள். தோற்றால் எதிராளிக்குத் தூஷணம் எழுதுவார்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் காவல் அக்காவுக்கு விளங்காது என்று ஒரு நினைப்பு. முன்பின் தெரியாதவன் ஊரைக் கேட்டால், வீட்டுக்கு வழியே சொல்லிக் கொடுப்பார்கள். பஸ்லியா எல்லாவற்றையும் வாசித்து, அழித்து, அடங்காதவர்களை உள்ளே வரவிடாமல் பூட்ட வேண்டும். போன மாதம் ஒரு சொல்லுக்காக றம்சீனையே ஒரு கிழமை பூட்டியவள்.

அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

"சிவரூபியோட விளையாடுற 'சஜீ' ஒரு காயும் வெட்டமாட்டான் மாமி. அவள் ராணியக் கொண்டுபோய் முன்னால வச்சாலும் வெட்டமாட்டான். பதினொரு ஆட்டம் தோத்திருக்கான்! அவள் முதலாம் இடம், நான் ரெண்டாம் இடம். இண்டைக்கு அந்த மூலைக் கம்ப்யூட்டரத் திறந்தா சஜீட பேர் அப்பிடியே கிடக்குது. எல்லாம் அவள்ட வேலை!"

ஒரே ஆள் இரண்டு பெயரில் விளையாடினால் இரண்டையும் பூட்டுவோம் என்று சுவரில் ஒட்டியிருந்தது. பஸ்லியாவின் கையெழுத்துத்தான்.

"பார்ப்போம்."

"நாளைக்குள்ள பூட்டல்லண்டா வெளிநாட்டில இருக்கிற பெரிய ஆக்களுக்கு எழுதுவேன்."

நியாயமான பேச்சு. சொன்னது மருமகன் என்பதற்காக நியாயம் பிழையாகிவிடுமா?

மறுநாள் காலை பத்து மணிக்கு வடிவம்மா வந்தார். சிவரூபியின் தாய். சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் அவித்துக் கொடுத்துவிட்டு வருகிற நேரம் அது. மூலைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, மவுஸை இடியப்ப உரல் மாதிரி இரண்டு கையாலும் பிடித்தார்.

சஜீ என்பது அவருடைய மகன் சஜீவன். தங்கையின் படிப்புக்காகத் தாயும் மகளும் வவுனியாவுக்கு வந்துவிட, முரசுமோட்டையில் தகப்பனோடு வயல் பார்க்க நின்றவன். கிளிநொச்சிக்குச் சைக்கிள் மிதித்துப்போய் அங்கிருந்து தங்கையோடு செஸ் விளையாடுவான். சண்டை இறுகிப் பாதையும் மூடி, போன் லைனும் நின்று, இப்போது நாலு மாதமாக ஒரு செய்தியும் இல்லை.

அவனுடைய பாஸ்வேர்ட் மகளின் கொப்பியில் இருந்தது. தாய் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். காலையில் அவர் ஒரு காயை நகர்த்தி, மகன் எழுதுகிற மாதிரி இரண்டு வரியும் பஸ்லியாவைக் கொண்டு தட்டுவிப்பார், பின்னேரம் மகள் வந்து ஒரு காயை நகர்த்துவாள். போன் இல்லாவிட்டாலும் நெட் வானத்தால் வரும் என்று மகளுக்குச் சொல்லியும் வைத்திருந்தார்.

"அக்கா, பிடிபட்டுட்டம். இனி ஏலா, பூட்டத்தான் வேணும்," என்றாள் பஸ்லியா.

"ஐயோ, பூட்டிப்போடாதேங்கோ பிள்ளை. முந்திச் சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பினவள். இப்ப தமையன் எழுதுற நாளிலதான் வயிறு நிறையச் சாப்பிடுறாள்."

"காயாவது ரெண்டு மூண்டு வெட்டியிருக்கலாமே அக்கா?"

"என்ர பிள்ளையின்ர காயை நான் எப்பிடிப் பிள்ளை வெட்டுறது?"

பஸ்லியாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வடிவம்மா சொல்லச் சொல்ல அன்றைய செய்தியையும் அவளே தட்டினாள்.

'தங்கச்சி, நான் சுகமா இருக்கிறன். தலைக்கு எண்ணெய் வைச்சனியோ? பேன் பாத்தனியோ?'

"தமையன்மார் பேனைப் பத்திக் கேப்பாங்களா அக்கா?"

"கேப்பாங்கள், கேப்பாங்கள். நீங்கள் எழுதுங்கோ."

பின்னேரம் சிவரூபி வந்தாள். பஸ்லியா அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள். றம்சீனும் தீர்ப்புக் கேட்கப் பின்னால் வந்து நின்றான்.

"சிவரூபி, உங்கட அண்ணாட பேர நிப்பாட்ட வேண்டி வரும் போல இருக்கு."

அவள் அழவில்லை. வாசல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வேண்டாமக்கா. என்ர புள்ளியெல்லாத்தையும் அழியுங்கோ. முதலாம் இடத்தை றம்சீனுக்கே குடுங்கோ. அம்மா மட்டும் வந்து விளையாடட்டும்."

பஸ்லியா நாற்காலியை முன்னுக்கு இழுத்தாள். "அம்மாவா?"

"நான் சாப்பிடாட்டி அம்மாவும் சாப்பிடமாட்டா. அண்ணா எழுதினவர் எண்டு சொல்லி, பசிக்காட்டியும் ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிடுவன். அதைப் பாத்தாப் பிறகுதான் அவா தன்ர கோப்பையைத் தொடுவா."

றம்சீன் மேசைக்கு முன்னால் வந்தான்.

"புள்ளி இல்லாத ஆட்டமெண்டு போடுங்க மாமி. அதுக்குச் சட்டத்தில ஒண்டும் எழுதல்ல." பிறகு சிவரூபியைப் பார்த்தான். "அது உங்கட உம்மாதான் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்ச? பேன் கதையிலயா?"

"இல்லை, அதுக்கு முதலே. அண்ணா எண்டா என்ர ராணியைக் கண்ட உடன வெட்டியிருப்பார். அம்மாவுக்குத்தான் மனம் வராது."