பனியில் இரண்டு வரிசை

டோக்கியோ போனால் நடுவில் ஒரு நாள் ரயிலேறி நீகாத்தா ஊருக்குப் போய்ப் பனியைப் பார்த்துவிட வேண்டும் என்று சாருமதி மதுரையிலேயே மூன்று மாதமாகத் திட்டம் போட்டிருந்தாள். அந்த நாள் விடிந்ததும், டோக்கியோ ஓட்டல் அறையில் அவள் கணவர் ஞானவேல் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“ஃப்ரிட்ஜைத் திறந்தா தெரியுற பனிதானே? நீ போயிட்டு வா.”

மதியம் அவள் அனுப்பிய படத்தில், ஆளில்லாத வெள்ளை வெளியில் இரண்டு வரிசைக் காலடிகள் பக்கத்தில் பக்கத்தில் போயின. பதறிப்போய் அழைத்தார்.

“கூட யாரு?”

“யாருமில்லைங்க. ரோட்டு வழியா சுத்தி வந்து, உங்களுக்கும் சேர்த்து நானே இன்னொரு தடவை நடந்தேன்.”

ஞானவேல் படத்தை மறுபடி பார்த்தார். கல்யாணமான முப்பது வருடத்தில், கடைத்தெருவானாலும் கோயிலானாலும், அவர் அவளுக்குப் பத்தடி முன்னால்தான் நடந்திருக்கிறார்.