ஜப்பானில் கேட்ட கேள்வி

“இவனுகளெல்லாம் மனிசனுகளா?” என்று சாய்மனைக் கதிரையில் விழுந்த ஜவுபர் ஹாஜியார், காலில் ஒட்டியிருந்த கடற்கரை மணலை விறாந்தைத் தரையில் உதறினார். “இன்னும் வாசி மகள். கேக்கக் கேக்க இனிக்கிது.”

ஜப்பானியர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பொன்று திறந்திருந்த மடிக்கணினியை அஸ்பியா தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜப்பானில் மேற்படிப்புக்கு அவளுக்குப் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. போக விடுவதா இல்லையா என்று வாப்பா இன்று சொல்ல வேண்டும். அந்த நாட்டு மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுவிட்டு முடிவெடுப்பதாக அவர்தான் அவளை உட்கார வைத்திருந்தார்.

உண்மையில் அவருடைய முடிவு மேல்மாடியில் ஏற்கெனவே எழுந்து நின்றது. மகளுக்கென்று கட்டிய வீடு அது. அவருடைய தங்கச்சி மகன் பர்ஹான் மாப்பிள்ளையாக வந்து குடியேற வேண்டியதுதான் பாக்கி.

பல்கலைக்கழகத்தில் அவள் ஆய்வுக்கு எடுத்ததும் இந்தக் கருத்துக் கணிப்பைத்தான். ஜப்பானியர்களிடம் கேட்ட கேள்விகளைத் தமிழில் எழுதிக்கொண்டு, போன மாதம் தங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பெண்களிடம் போனபோதும் ஹாஜியார் சிரித்தார். “குசினிக்குள்ள இரிக்கிறவளுகளுக்கு என்ன கருத்து?” என்றார். அதில் என்ன பதில் வந்தது என்று அவர் கேட்கவேயில்லை.

“பக்கத்து வீட்டாரோட கதைக்கிறதில்லையெண்டு நிறையப் பேர் சொல்லியிரிக்காங்க வாப்பா.”

“பாத்தியா? அடுத்த வீட்டில மையத்து விழுந்தாலும் தெரியாது. நம்மட ஊரில ஒரு வீட்டில தும்மினா மத்த வீட்டில துஆ ஓதுவாங்க.”

“வேல முடிஞ்சி வந்து தனியாச் சாப்பிடுறதுதான் நிம்மதியாம்.”

“ஆடு மாடு கூடக் கூட்டமாத்தான் மேயும்! இவனுகள்ட்டயா நீ படிக்கப் போறாய்?”

அவருடைய மனைவி சரீபா பிளேன்டி கொண்டுவந்து நீட்டினாள். ஹாஜியார் திரும்பிப் பார்க்காமலே வாங்கி ஒரு மிடறு குடித்து, “சீனி காணா” என்று திருப்பிக் கொடுத்தார்.

“இஞ்ச பாரு மகள், புரிசன் பொஞ்சாதி எப்பிடியாம்? அதச் சொல்லு. அங்கதான் ஆள்ட தரம் தெரியும்.”

அஸ்பியா கணினியை மூடி வைத்தாள். மடியிலிருந்த கோப்பைத் திறந்து, தன் கையால் எழுதிய தாள்களைப் புரட்டினாள்.

“இதுக்கும் கேள்வி அதேதான்” என்றாள். “தனக்கு என்ன சாப்பாடு விருப்பமெண்டு புரிசனுக்குத் தெரியாதெண்டு முக்கால்வாசிப் பொம்பிளையள் சொல்லியிரிக்காங்க.”

“அட பாவியள்! வேலக்காரிக்கும் பொஞ்சாதிக்கும் வித்தியாசம் தெரியாதவனுகள்.”

“காய்ச்சலெண்டாலும் சமைச்சிப்போட்டுத்தான் படுப்பாங்களாம்.”

“ஒரு முட்டை பொரிக்க ஏலாதா அவனுகளுக்கு? றோபோ செய்யத் தெரியிது!” ஹாஜியாருக்குச் சிரிப்பில் புரையேறியது.

அஸ்பியா கடைசித் தாளுக்கு வந்தாள். அதை வாசிக்க முன் கொஞ்சம் தயங்கினாள்.

“ஒரு பொம்பிள சொல்லியிரிக்கா. கடல் சத்தம் ராப்பகலா அவட வீட்டுக்குள்ள கேக்குமாம். ஆனா கடலக் கண்டு வருசக்கணக்காம். ஒருக்காக் கூட்டிட்டுப் போங்களெண்டு புரிசன்ட்டக் கேட்டாவாம். ‘தண்ணியில பாக்க என்ன இரிக்கி?’ எண்டு சொல்லிப்போட்டு அவர் மட்டும் போனாராம்.”

ஹாஜியார் சிரிப்பதை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சுத்திவரக் கடல் உள்ள நாட்டில இப்பிடியும் ஒரு புரிசனா? த்தூ! அவனுக்கு உடம்புக்குள்ள ஓடுறது ரெத்தமா, ஐஸ் தண்ணியா?”

“அப்ப, இப்பிடி ஆம்பிளையள் இரிக்கிற ஊரில என்னக் குடி வைக்க மாட்டீங்க, என்ன வாப்பா?”

“நானா? என்ட மகளயா?” ஹாஜியார் விரலை உயர்த்தினார். “வல்லாஹி, வைக்க மாட்டன்!”

அல்லாஹ் மீது ஆணையிட்டுவிட்டால் அவர் மாறமாட்டார். வரிப்பத்தான்சேனை வயலில் வரம்புத் தகராறு வந்தபோது, இனி அங்கே கால் வைக்க மாட்டேனென்று கோபத்தில் இப்படி ஆணையிட்டுவிட்ட ஒரே காரணத்துக்காக ஒரு துண்டு நிலத்தையே விட்டுக்கொடுத்தவர் அவர். ஊரே அறிந்த கதை அது.

“உம்மா, வாப்பா சொன்னதக் கேட்டீங்களா?”

“கேட்டன்” என்றாள் சரீபா. அவள் தும்புத்தடியோடு வந்து கதிரையைச் சுற்றிக் கிடந்த மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

ஹாஜியார் வென்றுவிட்ட களிப்பில் தங்கச்சிக்கு அழைப்பெடுக்கக் கைப்பேசியைத் தேடினார். “முடிஞ்சிது கதை. ஜப்பானும் வேணா, ஒண்டும் வேணா. பர்ஹானுக்கு நாளக் குறிப்பம்.”

இலக்கத்தை அழுத்தப் போனவர் சற்று நின்றார். அந்தப் பெண்ணின் கதை இன்னும் அவர் நாக்கில் ருசித்துக்கொண்டிருந்தது.

“ஆனாலும் அந்தக் கடல் பாக்காதவள் பாவம் மகள். ஆர் அவள்? விலாசத்தத் தா. நானே பிளேன் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டு, நம்மட கல்முனைக் கடலக் காட்டி அனுப்புறன். அவள்ட புரிசன் வெக்கத்தில சாகட்டும்!”

சரீபா கூட்டிய மணலை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“டிக்கெட்ட மகளுக்குப் போடுங்க. அந்தப் பொம்பிள நான்தான்.”