வீட்டுக்குப் போனவர்கள்

"அவங்க போயிட்டாங்க டாக்டர். வீட்டுல கொண்டு கெடத்தின அன்னைக்கே."

பிரீனா அந்தப் பெயருக்கு நேரே 'இறப்பு' என்று தட்டினாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்லத் தணிந்தது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் தணிகிறது.

வெளியே நாகர்கோவில் சாரலில் கரைந்துகொண்டிருந்தது.

நிமோனியா முற்றி வந்தவர்களின் பழைய கோப்புகளை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறாள். பல கோப்புகளில் கடைசி வரி ஒன்றேதான்: உறவினர் விருப்பப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

இனி வீட்டுக்குக் கொண்டு போங்க என்பார் டாக்டர். மூச்சு சொந்த வீட்டுக்குள் அடங்கட்டும் என்று வீட்டார் கையெழுத்துப் போடுவார்கள்.

"அவங்களை எல்லாம் செத்தவங்க கணக்குல சேரு பிரீனா. ஊருக்கே தெரிஞ்ச காரியம்தானே," என்றார் கூட எழுதும் ரசலையன் சார்.

வீடு வீடாகப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் சேர்ப்பேன் என்று அவள்தான் நின்றாள். ஒருவர்கூடப் பிழைத்திருக்க முடியாது என்பதை அவள் காதால் கேட்க வேண்டியிருந்தது.

போனுக்குள் வீடுகள் மிதந்து வந்தன. ஒன்றில் மிக்ஸி ஓடியது. ஒன்றில் ஒரு குழந்தை வாய்ப்பாடு சொன்னது. நடுவில் யாரோ, போயிட்டாங்க என்றார்கள். சாரலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்தது நேசம்மாள், இராஜாக்கமங்கலம். மணி அடித்து ஓயப்போகிற நேரத்தில் எடுத்தார்கள். பின்னால் கடல்.

"நேசம்மாள் வீடா? அவங்க எப்போ..."

"எப்போ என்னத்த? நேசம்மாதான் பேசுதேன்."

பிரீனாவின் விரல் அப்படியே நின்றது.

"பயப்படாத மக்களே. என்னைக் கொண்டு கெடத்தி, பெட்டிக்கும் சொல்லியாச்சு. கோயில் உபதேசியார் வந்து சாவுப் பாட்டை எடுத்தாரு பாத்துக்கோ, அந்த ராகத்தைக் கேட்டுட்டு எவ கெடப்பா? நிறுத்துங்கன்னு சொல்லத்தான் கண்ணு முழிச்சேன்."

சிரிப்பு இருமலாகி, இருமல் திரும்பவும் சிரிப்பானது.

"கொண்டு போங்கன்னு சொன்ன டாக்டரைக் கண்டா சொல்லு, நேசம்மா இன்னைக்கு மீன் கறி வச்சிருக்கான்னு. கேட்டியா?"

கடல் ஒருமுறை வந்து, திரும்பிப் போனது.

"சொல்லுதேன் அம்மா."

'உயிரோடு' என்று தட்டினாள். திரையில் அந்த ஒரு சொல் மட்டும் ஈரமாக மின்னுவதுபோல் இருந்தது. அவ்வளவு நேரம் நெஞ்சுக்குள் தணிந்துகொண்டே வந்தது, இப்போது எழுந்து உட்கார்ந்தது.

பாக்கி ஒரே ஒரு எண். பார்க்காமலே அழுத்தினாள்.

பிஸி.

மறுபடியும் அழுத்தினாள்.

பிஸி.

அந்தக் கோப்பு அப்பாவுடையது; அவரைக் கடைசியாக வீட்டுக்குக் கொண்டுபோன அன்று, கையெழுத்துப் போட்டு அவளே எழுதிக் கொடுத்தது. அவளுடைய எண்.