மஞ்சள் உறை

றமீஸாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தன் கையாலேயே ஒரு தலையணை உறை தைத்துவிட்டாள். கெலிஓயாவில் வாங்கிய மஞ்சள் துணி சரியாக ஓர் உறைக்குத்தான் போதுமாக இருந்தது.

"ஓடி வாங்க, பாருங்க!"

கணவன் முனாஸ் பார்த்துவிட்டுச் சிரித்தான். "நாலு பக்கமும் தச்சிட்டீங்களே! தலகாணிய எங்கால போடுற?"

அவசரத்தில் உறையின் வாயையும் தைத்திருந்தாள். அவளும் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத் தையலைப் பிரித்தாள். நல்ல பக்கத்தை வெளியே புரட்டுவதற்காகக் கையை உள்ளே விட்டாள்.

உள்ளேயிருந்து இன்னோர் உறை வந்தது. அதே மஞ்சள் துணி, அதே கோணல் தையல்.

"ஸ்கேன்ல ஒரு புள்ளண்டுதானே சொன்னாங்க?" என்றான் முனாஸ்.

றமீஸா பூரித்துப்போய் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். நடுவில், பிள்ளை கக்கியதுபோல ஈரமான பால் கறை இருந்தது. அதன் சூடுகூட இன்னும் ஆறவில்லை.