அறுபது மடிப்பு

"யாரும் கையை வைக்காதீங்க! ஒரு சீட்டைக்கூடப் பிரிக்கக் கூடாது!"

பழைய செயலாளர் போட்ட சத்தத்தில், மேசையைச் சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ஓட்டுப் பெட்டியை அப்போதுதான் கவிழ்த்திருந்தார்கள். சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலையின் சங்கத் தேர்தலில் நூறு தொழிலாளர்கள் போட்ட நூறு சீட்டுகளும் குவிந்து கிடந்தன.

தேர்தலை நடத்தியவர் பேக்கிங் பிரிவில் சட்டை மடிக்கிறவர். இருபது வருடமாக அவருக்குத் 'தராசு' என்றுதான் பெயர். கேன்டீன் சண்டையிலிருந்து சம்பந்திச் சண்டை வரைக்கும் அவர் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு தரப்பும் வாயை மூடிக்கொள்ளும். அதனால்தான் பெட்டியையும் சாவியையும் கண்ணை மூடிக்கொண்டு அவரிடமே கொடுத்திருந்தார்கள்.

"என்னாச்சு, தோத்துருவோம்னு இப்பவே பயம் வந்துருச்சா?" என்றாள் காஜா அக்கா. சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள். செயலாளரை எதிர்த்துக் கத்தரிக்கோல் சின்னத்தில் நின்றவள்.

அவள் கேட்டு நின்றது ஒன்றே ஒன்றுதான். தையல் நடக்கும் மாடியின் பின்கதவைத் திறந்து வைக்க வேண்டும். துணி திருட்டுப் போகிறது என்று நிர்வாகம் அதைப் பூட்டியே வைத்திருந்தது. போன மாதம் ஒரு மோட்டார் புகைந்தபோது எழுபது பேர் ஒரே படிக்கட்டில் முட்டி மோதி இறங்கினார்கள். ஆண்டவன் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லை. நிர்வாகத்தின் ஆளான செயலாளர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதற்குப் பதில் தேர்தலுக்கு முந்தின நாள் ஆளுக்கொரு குடை கொடுத்தார். அவர் சின்னம் குடை.

"பயமா? இங்க பாரு." செயலாளர் குவியலைக் கிளறினார். "இது கசங்கியிருக்கு. இது நாலா மடிச்சது. இது சுருட்டினது. அவங்கவங்க கைக்கு வந்தபடி மடிச்சிருக்காங்க. இதுங்களைப் பாரு!"

அவர் ஒதுக்கி அடுக்கியவை எல்லாம் மூன்றாக மடிக்கப்பட்டிருந்தன. விளிம்போடு விளிம்பு சேர்ந்து, மயிரிழை பிசகாமல் இருந்தன. எண்ணினார்கள். சரியாக அறுபது.

"அறுபது பேரும் சொல்லி வச்சா மடிப்பாங்க? இந்த ஃபேக்டரியில இப்படி மடிக்கிற கை எது?"

அலமாரியில் அடுக்கியிருந்த சட்டைகளை எல்லார் கண்ணும் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தராசிடம் வந்து நின்றன. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சினாள் காஜா அக்கா.

தராசு தன் கைகளையே பார்த்தார். பாழாய்ப் போன கை! மத்தியானம் பேக்கிங் அறையில் தனியாகப் பெட்டியைத் திறந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் உதறியது. கை மட்டும் இருபது வருடப் பழக்கத்தில் அது பாட்டுக்கு மடித்துப் போட்டுவிட்டது.

"அப்ப தேர்தல் செல்லாது. விதிப்படி பழைய செயலாளரே தொடரணும், இன்னும் மூணு வருஷத்துக்கு நான்தான்" என்றார் செயலாளர். பிரிக்காத சீட்டுகளை அப்படியே அள்ளிப் பாய்லர் அடுப்பில் போடச் சொன்னார். யாரும் தடுக்கவில்லை.

"தராசே இப்படின்னா, இனிமே ஓட்டு என்ன வேண்டிக்கிடக்கு?" என்று சொல்லிவிட்டு ஒருத்தி குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். மற்றவர்களும் தராசைத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

வாசல் படியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவரிடம் காஜா அக்கா வந்து நின்றாள்.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"நீ ஜெயிக்கணும்னுதான் தங்கச்சி. என் மகளும் அந்த மாடியிலதானே தைக்கிறா? கடைசி மிஷின். தீப்பிடிச்சா கடைசியா வர வேண்டியவ அவதான். காலையில ஓட்டுப் போட வரிசையில நிக்கிறாங்க, அத்தனை பேர் தலைக்கு மேலயும் அவன் குடுத்த குடை. என் மகளும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. கேட்டா, 'சும்மா குடுத்தாங்க, வாங்கினேன். மழை பெய்யுதுல்லப்பா'ங்கறா. அடப்பாவிங்களா, ஒரு குடைக்கு உசுரை வித்துட்டீங்களேன்னு எனக்கு வெறுத்துப் போச்சு. அறுபது இருந்தா உனக்குப் போதும்னு, அறுபது சீட்டை உருவிட்டுக் கத்தரிக்கோல்ல முத்திரை குத்தின சீட்டு அறுபது போட்டேன்."

"உருவினது எங்க?"

அவர் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்து கொடுத்தார். "போற வழியில கிழிச்சுப் போடலாம்னு வச்சிருந்தேன். பிரிச்சுக்கூடப் பாக்கல. அந்தக் குடையை எத்தனை தடவைதான் பாக்கறது?"

காஜா அக்கா படியில் உட்கார்ந்தாள். கசங்கிய சீட்டு ஒன்றைப் பிரித்தாள். நாலாக மடித்த ஒன்றைப் பிரித்தாள். அப்புறம் நிறுத்தாமல் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போனாள். கடைசிச் சீட்டு வந்தபோது அவளுக்குக் கண் தெரியவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"என்ன தங்கச்சி?"

அவள் டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.

அறுபது சீட்டில் ஐம்பத்தெட்டில் முத்திரை விழுந்திருந்தது கத்தரிக்கோலின் மேல்.